கதவுப் பட்டியலின் கதை



ஒரு கட்டடம் மண்ணில் எழுவதற்கு முன் தாளில் எழுகிறது. தளத்தின் படம், முகப்பின் படம், குறுக்குவெட்டுப் படம் என்று பல தாள்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தத் தாள்களுள் ஒன்றில் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை இருக்கும். அதை நின்று படிப்பவர்கள் குறைவு. டி-1, டி-2, டி-3 என்று கதவுகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அகலம், உயரம், மரமா இரும்பா, எத்தனை கீல், என்ன பூட்டு, நெருப்பை எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள். இதுதான் கதவுப் பட்டியல். சன்னல்களுக்கும் விளக்குகளுக்கும் அறைகளின் பூச்சுக்கும் இப்படியே தனித்தனிப் பட்டியல் உண்டு. அருகிலேயே குறியீட்டு விளக்கமும் இருக்கும். நிலப்படத்தின் மூலையில் ரயில் பாதைக்கு இந்தக் கோடு, ஆற்றுக்கு அந்தக் கோடு என்று காட்டுவார்கள் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

இந்தப் பட்டியல் எதற்கு? ஒரு சிறு வில்வளைவும் ஒரு கோடும் தளப்படத்தில் கதவைக் குறிக்கும். அந்தச் சிறிய இடத்தில் கீலையும் பூட்டையும் எழுத முடியாது. ஆகவே படத்தில் எண்ணை மட்டும் இட்டு, விவரத்தை வேறோர் இடத்தில் எழுதினார்கள். செலவைக் கணக்கிடுபவர், கதவு செய்யும் தச்சர், பூட்டு வாங்குபவர் ஆகிய எல்லாரும் படத்தைவிடப் பட்டியலையே அதிகம் நம்பினார்கள்.

கணிப்பொறிக்கு முந்திய வரைவு அலுவலகத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். சாய்ந்த மேசை, அதன்மேல் விரித்த படியெடுக்கும் தாள், மைப் பேனா. தவறு நேர்ந்தால் சவரக் கத்தியின் அலகால் மையைச் சுரண்டி எடுப்பார்கள். 1842ஆம் ஆண்டு ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில அறிவியலாளர் நீலநிற நகலெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டட வரைபடங்களை அம்முறையில் பல படிகள் எடுப்பது பரவியது. படியெடுக்கும் வேலை இலேசாயிற்று. பட்டியல் போடும் வேலை இலேசாகவில்லை. நகலொன்றை விரித்து, வண்ணப் பென்சிலால் ஒவ்வொரு கதவிலும் குறியிட்டு, எண்ணி எழுத வேண்டும். ஒரு மாடியில் நாற்பது கதவு, பத்து மாடி என்றால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

நேரம் போனால் போகட்டும். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. ஒரே செய்தி பல தாள்களில் இருந்தது. தளப்படத்தில் ஒரு கதவு. முகப்புப் படத்தில் அதே கதவு. பட்டியலில் அதே கதவு. வேலை நடக்கும்போது உரிமையாளர் மனம் மாறுகிறார். பண்ட அறை இருந்த இடத்துக்கு மாடிப்படி வருகிறது. வரைவாளர் தளப்படத்தைத் திருத்துகிறார். பட்டியலோ வேறொருவர் மேசையில் இருக்கிறது. பண்ட அறைக்கு எந்தக் கதவும் போதும். தீ பிடித்தால் மக்கள் இறங்கி ஓடும் மாடிப்படிக்கு அது போதாது. அங்கே அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நெருப்பைத் தடுத்து நிற்கும் கதவு வேண்டும். படத்தைப் பார்த்துச் சுவர் எழுப்பினார்கள். பழைய பட்டியலைப் பார்த்துக் கதவு வாங்கினார்கள் என்றால் நிலைமை என்ன? இரண்டு தாளும் தனித்தனியே பிழையற்றவைபோலத்தான் தோன்றும்.

இதற்கு மருந்தாக அமைந்த எண்ணம் கட்டடத் துறைக்கு வெளியே பிறந்தது. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்ற மாணவர் தம் முனைவர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற செயல்முறையை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையலாம் என்பது எல்லாரையும் வியக்க வைத்தது. நமக்கு முக்கியமானது அதிலிருந்த இன்னொரு வசதி. மூல உருவம் ஒன்றை வரைந்து, அதன் படிகளை வேண்டிய இடங்களில் வைக்கலாம். மூலத்தை மாற்றினால் எல்லாப் படிகளும் மாறிவிடும். அறுகோணங்களால் நிறைந்த ஒரு கோலத்தை மூலத்தை மட்டும் மாற்றி மீன் செதில் கோலமாக ஆக்கலாம் என்று அவர் காட்டினார். அறுகோணத்துக்குப் பதிலாகக் கதவை எண்ணிக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்கு இந்த எண்ணத்தைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சார்லஸ் ஈஸ்ட்மன். இவர் கட்டடக் கலை பயின்றவர்; கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1975ஆம் ஆண்டு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கட்டட வடிவமைப்பில் வரைபடங்களுக்குப் பதிலாகக் கணிப்பொறியைப் பயன்படுத்துவது என்பதே அதன் தலைப்பு. ‘பதிலாக’ என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். படத்தை வேகமாக வரைய ஒரு கருவி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே ஒரு முறை கணிப்பொறியில் பதிந்து வைப்போம். தளப்படமும் குறுக்குவெட்டும் அளவுக் கணக்கும் அந்த ஒரே பதிவிலிருந்து பிறக்கட்டும் என்றார். பட்டியலைப் படத்திலிருந்து எண்ணி எழுதுவது என்ற வழக்கத்தையே அவர் தலைகீழாக்கினார். படமும் பட்டியலும் உடன்பிறப்புகள் ஆயின.

எண்ணம் பிறந்த உடனே வேலை நடந்துவிடவில்லை. அக்காலக் கணிப்பொறிகள் விலை மிகுந்தவை, நினைவகம் சிறியது. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் சிறு அலுவலகங்களுக்கும் எட்டியது. ஆனால் அது அடிப்படையில் மின்னணு வரைபலகைதான். 1980களின் நடுவில், படத்தில் வைக்கும் உருவத்தோடு எழுத்துக் குறிப்புகளை ஒட்டிவைத்து, அவற்றைத் திரட்டி அட்டவணையாக்கும் வசதி அதில் வந்தது. அதைப் பாதி வழி எனலாம். வெளியே எடுத்த அட்டவணை எடுத்த அந்த நேரத்துக்கு மட்டுமே உண்மை. மறுநாள் படம் மாறினால் மறுபடியும் எடுக்க வேண்டும். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் காபோர் போயார் 1982இல் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனம், ஆர்க்கிகேட் என்ற மென்பொருளால் கட்டடத்தைச் சுவராகவும் கதவாகவும் அமைக்கும் முறையைச் சிறு கணிப்பொறிக்கே கொண்டுவந்தது. பிறகு 1997இல் லியோனிட் ரைஸ், இர்வின் யுங்கிரைஸ் என்ற இருவர் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், 2000ஆம் ஆண்டு ரெவிட் என்ற மென்பொருளை வெளியிட்டது. இருவரும் அதற்கு முன் இயந்திர உறுப்புகளை வடிவமைக்கும் மென்பொருள் துறையில் இருந்தவர்கள். 2002இல் ஆட்டோடெஸ்க் அந்நிறுவனத்தை வாங்கியது.

இம்முறையில் பட்டியல் எப்படி இயங்குகிறது? அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் கதவின் இன்னொரு தோற்றம். தளப்படத்தில் கதவை அழித்தால் வரிசை மறையும். வரிசையை அழித்தால் படத்திலிருந்த கதவே மறைந்துவிடும்! புதிதாகப் பழகுபவர்கள் இதில் ஒரு முறையாவது திடுக்கிடுவார்கள். வெறும் அட்டவணைதானே என்று ஒரு வரியை நீக்க, மூன்றாம் மாடியில் சுவரிலிருந்து கதவு காணாமற்போகும்.

குறியீட்டு விளக்கத்துக்கோ வேறுவிதமான ஏற்பாடு தேவைப்பட்டது. விளக்கத்தில் காட்டும் கதவு மாதிரிக்காக மட்டுமே. கட்டடத்தில் அது இல்லை. அதற்காக உண்மையான கதவு ஒன்றைத் தாளின் வெற்றிடத்தில் வைத்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும். வராத கதவுக்கு விலை கேட்பார்கள். ஆகவே ரெவிட்டில் விளக்கத்துக்கென்றே தனிப் பக்கம் வைத்தார்கள். அங்கே வைக்கும் உருவங்கள் கணக்கில் சேரா. அந்த ஒரு பக்கத்தையே பல தாள்களில் ஒட்டலாம்.

சதர்லாந்து காட்டிய மூலமும் படியும் இங்கே மீண்டும் வருகின்றன. அகலம், உயரம், நெருப்பைத் தாங்கும் நேரம் போன்றவற்றை ரெவிட் வழக்கமாகக் கதவின் வகையோடு சேர்த்து வைக்கிறது. மாடிப்படியின் ஒரு கதவுக்காகப் பட்டியலில் ஒரு மணி நேரம் என்று திருத்தினால், அந்த வகைக் கதவுகள் அனைத்தும் மாறும். மாற்றம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று திரையில் எச்சரிக்கை வரும். அவசரத்தில் அதைப் படிக்காமல் தட்டிவிடுவது மனித இயல்பு. அன்று இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அந்த முரண்பாட்டைக் கண்டவர் பிழையையும் கண்டார். இன்று எல்லாத் தாள்களும் ஒரே குரலில் பேசுகின்றன. பிழையானாலும் ஒரே குரல்தான். வண்ணப் பென்சிலோடு எண்ணியவர் எண்ணும்போதே, இந்தக் கதவு ஏன் இப்படித் திறக்கிறது என்று கேட்டிருப்பார். இயந்திரம் எண்ணும், கேட்காது. யாரும் நிரப்பாத கட்டத்தை வெற்றாகவே அச்சிட்டுத் தரும்.

நம் வட்டாரத்திலும் இந்த மாற்றம் விரைவாகவே வந்தது. சிங்கப்பூரில் கட்டட அனுமதிக்கான விவரங்களைக் கணிப்பொறி வழியாக அனுப்பும் கோர்நெட் திட்டம் 1995இல் தொடங்கியது. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக் கலைத் திட்டங்களை இத்தகைய தகவல் மாதிரியாகவே ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2015இல் அந்த எல்லை 5,000 சதுர மீட்டராகக் குறைந்தது. பொறியியல் திட்டங்களும் சேர்ந்தன. வரைவு அலுவலகங்களில் மைப் பேனாவோடு பழகியவர்களில் பலர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார்கள். எஞ்சியவர்கள் சுட்டெலியைப் பிடித்து, முப்பது ஆண்டு கையெழுத்தில் எழுதிய அதே டி-1, டி-2 பட்டியலைத் திரையில் விரித்து, மாடிப்படிக் கதவுக்கு எதிரே உள்ள கட்டத்தை முதலில் தேடிப் பார்த்தார்கள்.