யூ.டி.ஆர் மிஸ்டேக்

மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து பெரும்பாக்கம் போகும் சாலையில் நின்றால் இப்போது மேம்பாலமும் அடுக்ககங்களும்தான் தெரியும். 1802-ல் இந்தப் பக்கம் ஏரியும் வயலும் சதுப்புமாக இருந்தது. அந்த வருடம் ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் தூரம், நூறடி எஃகுச் சங்கிலி, 57 நாள் வேலை. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்தினார்கள். இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவை இந்தக் கோட்டில்தான் தொடங்கியது.

நம் அரசு செயற்கை நுண்ணறிவுக்குத் தயாரா என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தச் சங்கிலிதான் ஞாபகம் வருகிறது. அதற்குக் காரணம் என் தாத்தாவின் பட்டா.

போன வருடம் அந்தப் பட்டாவைப் பெயர் மாற்றப் போனேன். தாத்தா பெயரில் ‘னு’ இருக்கவேண்டிய இடத்தில் ‘னி’ இருந்தது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “யூ.டி.ஆர் மிஸ்டேக் சார், நிறைய பேருக்கு இருக்கு” என்றார். ஏதோ காய்ச்சலின் பெயரைச் சொல்வதுபோல.

யூ.டி.ஆர் என்பது நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். 1979-லிருந்து 1987 வரை தமிழ்நாட்டின் கிராம நிலக் கணக்குகளை எல்லாம் திரும்ப எழுதிய வேலை. நடுவில், 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர் அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. ஒழித்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக, ஒரு சாதியின் பிடியில் இருந்த காலம் அது. ஆனால் எந்த வயல் யாருடையது என்று பார்த்தவுடனே சொல்லக்கூடிய ஆட்கள் வெளியே போன அதே வருடங்களில்தான் அத்தனை பெயர்களும் புதிதாக எழுதப்பட்டன. பின்னால் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பெயர்களே உள்ளே ஏறின. என் தாத்தாவின் ‘னி’யும் ஏறியது. இப்போது அதற்கு கியூஆர் கோடு வேறு இருக்கிறது.

எழுத்துருவின் கதை இதைவிட மோசம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது, 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்வது நிற்கவில்லை. அந்த ஃபைலை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள், ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். மனிதக் கண்ணுக்கே இந்த நிலை என்றால், அதை அப்படியே கொடுத்தால் இயந்திரம் எந்த மொழி என்று நினைத்துக்கொள்ளும்?

கொள்கை எழுதுவதில் நாம் பின்தங்கவில்லை. 2020 செப்டம்பரிலேயே தமிழ்நாடு பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டுவிட்டது. ஒரு செயலியை மக்களிடம் கொண்டுபோகும் முன் அதற்கு மதிப்பெண் போடவேண்டும் என்கிறது அது. பார்க்கவேண்டிய விஷயங்களில் தரவுப் பற்றாக்குறையும் ஒன்று. அந்த வரியை எழுதியவரைப் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் என் தாத்தா விஷயத்தில் தரவுக்குப் பஞ்சமே இல்லை. இருக்கிறது, தப்பாக இருக்கிறது.

தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானாவைப் பார்க்கலாம். அங்கே ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் பல துறைகளின் பட்டியல்களில் உள்ள பெயர்களை ஒப்பிட்டு, யார் ஏழை, யார் இல்லை என்று பிரிக்க உதவியது. ரேஷன் அட்டைகள் லட்சக்கணக்கில் ரத்தாயின. ஒரு ஏழைப் பெண்ணின் கணவர் பெயரும் கார் வைத்திருந்த இன்னொருவர் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் அவருக்கு அரிசி கிடைக்கவில்லை. 2022-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ரத்தான அட்டைகளை நேரில் போய்ச் சரிபார்க்கச் சொன்னது. நேரில் என்றால் ஆள் நடந்து போய், கதவைத் தட்டி, கேட்டு எழுதுவது. லாம்டன் வெயிலில் செய்த மாதிரி வேலை.

என் மனுவுக்குப் பழைய அ-பதிவேட்டின் நகல் கேட்டார்கள். பதிவறையில் ஒரு பெரியவர் சிவப்புத் துணிக்கட்டை அவிழ்த்து, தும்மிக்கொண்டே பக்கம் புரட்டினார். யூ.டி.ஆருக்கு முந்தைய பக்கம், பழுப்பேறிய மை. தாத்தா பெயர் அதில் ‘னு’வோடு சரியாக இருந்தது.

“கரெக்டாத்தான் எழுதியிருக்கான் பாருங்க தம்பி” என்றார். பிறகு அறை முழுக்க அடுக்கியிருந்த கட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, “இதையெல்லாம் யாரு உக்காந்து டைப் பண்றது?” என்றார்.