கப்பலேறிப் போனவர்களும் கப்பலில் வந்த ஒரு சிறுமியும்



போன வாரம் தம்பி மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போய் வந்திருக்கிறான். "அத்தை, கப்பலுக்குள்ளேயே நீச்சல் குளம் இருக்கு, நாடகம் போடுறாங்க, சாப்பாடு நாள் முழுக்க" என்று ஒரே குஷி. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இந்த மாதிரிக் கப்பல் தொடங்கியபோது பேப்பரில் படித்தது நினைவிருக்கிறது. பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்ம மதுரைச் சீமைக்குக் கடல் கிடையாது. வைகைகூட முக்கால்வாசி நாள் மணல்தான். ஆனாலும் மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் "கப்பலேறிப் போயிட்டான்" என்ற பேச்சு இல்லாத வீடு குறைவு. ஒன்று கொழும்பு, இல்லாவிட்டால் பினாங்கு, சிங்கப்பூர். பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து போனவர்கள்தான் அதிகம்.

கொழும்புக்குப் போகிறவர்களுக்கு வழி நம்ம ஊர் வழியாகத்தான். மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-இல் ரயில் பாதை வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். அதன்பின் ரயில் தனுஷ்கோடிக் கரை வரை போகும். இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். ரயிலும் கப்பலும் சேர்ந்ததால் அதற்குப் 'போட் மெயில்' என்று பெயர். இன்றைக்கும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸைப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். காசுள்ளவர் நேரே கப்பலேறினார். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக் குடும்பங்களை மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைத்து, தொற்று நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். 'மண்டபம் கேம்ப்' என்ற ஸ்டேஷன் பெயரில் அந்தக் கதை இன்னும் இருக்கிறது.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலோடு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கடலுக்குள் போனார்கள். அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது.

மலாயாவுக்குப் போகிற கப்பல் வேறு. அதில் பேர்போனது 'ரஜுலா'. 1926-இல் கட்டிய கப்பல். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, சிங்கப்பூர் போகும். ஆரம்பத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் தளத்தில் ஏற்றிக்கொள்ள அனுமதி இருந்ததாம். தளம் என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு. ஒரு வாரம் வாந்தியும் மயக்கமுமாகப் போக வேண்டும்.

என் பெரியப்பா அதில் போனவர். பதினோரு வருஷம் கழித்து 1971-இல் லீவில் வந்தார். கோடாலித் தைலம், மைலோ டப்பா, டார்ச் லைட் என்று டிரங்குப் பெட்டி நிறையச் சாமான். அவர் திரும்பிப் போகும்போது அப்பத்தா பிடிவாதமாக நாகப்பட்டினம் வந்தாள். எனக்கு ஒன்பது வயது, நானும் போனேன். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் கடலில் நிற்கும். படகில் போய் ஏறவேண்டும். படகு அலையில் எழும்பி எழும்பிப் போனது. கப்பல் மறைந்து வெகுநேரம் ஆன பிறகும் அப்பத்தா, "அந்தா புள்ளி மாதிரி தெரியுது பாருடி" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஆமா அப்பத்தா" என்றேன்.

1974-இல் அப்பத்தா இறந்தாள். தந்தி போய்ச் சேர்ந்தது, மகன் வந்து சேர முடியவில்லை. ரஜுலாவும் அதற்குள் ஓய்ந்துவிட்டது. அடுத்து ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985-இல் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனது. அதோடு மலாயாக் கப்பல் போக்குவரத்தே நின்றது.

இப்போது நான் தூங்காத காரணம்.

1983. வேலைக்குச் சேர்ந்த புதுசு, திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளி. போக்குவரத்துப் பாடம் நடத்தும்போது, "உங்களில் யாராவது கப்பல்ல போயிருக்கீங்களா?" என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "போகல டீச்சர், வந்தேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "பொய் சொல்லக் கூடாதும்மா, உட்காரு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பா வந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். "எம்புள்ள பொய் சொல்லாது டீச்சரம்மா. தலைமன்னார்ல ஏறி ராமேஸ்வரத்துல இறங்குனோம்" என்றார். மூன்று தலைமுறை மலைத் தோட்டத்தில் உழைத்த குடும்பம். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று கணக்கு. அந்தக் கணக்கில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. அவளுடைய அக்காவும் அங்கேயே தங்கிவிட்டாள் என்று அவர் சொன்னார். அடுத்த ஆண்டுகளில் சண்டை முற்றி அந்தக் கப்பலும் நின்றது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளையிடம், வகுப்பு முன்னால் கேட்கவில்லை. டீச்சர் தாழ்ந்து போகக் கூடாது என்ற நினைப்பு. அரைப் பரீட்சைக்கு முன்பே அவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள்.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். சொகுசுக் கப்பலில் போகிறவர்கள் ஏறிய துறைமுகத்திலேயே இறங்கி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நல்லது, போய் வாருங்கள். அந்தக் காலத்தில் ஏறியவர்களுக்குத் திரும்பும் நாள் தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். பெயர் எழுதமாட்டேன். என்றாவது இதைப் படித்தால், தாயே, நீ சொன்னதுதான் சரி. அன்றைக்குத் தப்பு டீச்சருடையது.

உங்கள் வீட்டில் கப்பலேறிப் போனவர்கள் கதை இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்