பேரேடு யார் கையில்?

தேயிலைத் தோட்டத் தொழிலாளியை முதலீட்டாளர் என்று சொன்னால் நகைப்போர் பலர் இருப்பர். முதலீட்டாளர் என்றதும் கொழும்புக் கோட்டையில் கண்ணாடி மாளிகைக்குள் அமர்ந்திருக்கும் கனவான்களே நம் மனக்கண் முன் வருகின்றனர். கணக்கோ வேறு விதமாக இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியைத் தோற்றுவித்தது. இன்று அந்நிதிக்குத் தொழிலாளி தம் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் செலுத்துகின்றனர். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் மேலும் 3 வீதம் செலுத்துகிறது. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட எங்கள் கொட்டகலை மலைகளில் முப்பது ஆண்டு கொழுந்தெடுத்த ஒரு தாய்க்கு வாழ்நாட் சேமிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. அவர் முதலீட்டாளரே, தம் முதலீட்டின் கணக்கை வாசிக்க எவராலும் கற்பிக்கப்படாத முதலீட்டாளர்.

இந்த அறியாமை இயற்கையாக வந்ததன்று. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

கோப்பிக் காலந்தொட்டே மலையகத்தில் கணக்கு எழுதுவோர் ஒரு சாராரும் கணக்கில் எழுதப்படுவோர் மறு சாராருமாக இருந்தனர். தென்னிந்தியக் கிராமத்திலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பேரில் கடனாக வைத்தார். ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், அவரது கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய 'துண்டு' தேவைப்பட்டது. அத்துண்டில் என்ன எழுதியிருந்தது என்பதை அறியாத ஒரே மனிதர் பெரும்பாலும் அதற்கு உரியவராகவே இருந்தார். துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கங்காணிக்குக் கிடைத்த பென்ஸ் காசோ தனிக் கதை. தம் ஆட்களில் எத்தனை பேர் அன்றாடம் வேலைக்கு இறங்கினரோ அத்தனை பேருக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. இன்றைய நிதிக் கம்பெனிகளின் சொல்லில் சொன்னால் இது ஒரு நிருவாகக் கட்டணம். தொழிலாளி கடனில் மூழ்கினாலும் மிதந்தாலும் அக்கட்டணம் குறைவின்றி வந்து கொண்டிருந்தது.

மேலிருந்தவர்களின் கதையும் இதற்கு ஒப்பானதே. இலண்டனில் பதிவான தேயிலைக் கம்பெனிகளின் பங்குகளை இங்கிலாந்தின் நடுத்தர மக்கள் வாங்கினர். தோட்டங்களை நடத்தியவையோ கொழும்பின் ஏஜென்சி ஹவுஸ்கள். அவை உரமும் அரிசியும் வாங்கித் தருவதற்குத் தரகு பெற்றன. தேயிலையை விற்பதற்கும் தரகு பெற்றன. விலை சரிந்த ஆண்டில் பங்குதாரருக்குப் பங்கிலாபம் இல்லாமற் போகலாம், தரகு இல்லாமற் போகாது. கடல் கடந்து பணம் போட்ட அந்தப் பங்குதாரரையும் கொழுந்துக் கூடை சுமந்தவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாம் முற்படவில்லை. ஒருவர் இழந்தது வட்டி, மற்றவர் இழந்தது வாழ்வு. ஆயினும் இருவருக்கும் நடுவே பேரேட்டை வைத்திருந்தவருக்கு எந்நாளும் நட்டம் நேரவில்லை என்பதைக் குறிக்காமல் இருக்க முடியவில்லை.

1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவை பிரதேசப் பெருந்தோட்டக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டு, தனியார் நிருவாக முகவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 1995 முதல் அக்கம்பெனிகளின் 51 வீதப் பங்குகள் விற்கப்பட்டன. அப்போது 10 வீதப் பங்குகள் ஊழியர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன என்பதை எங்கள் மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் வியப்படைகின்றனர். லயத்துக் காம்பராவின் தகரப் பெட்டிக்குள் ஒரு கம்பெனியின் பங்குப் பத்திரம்! கொட்டகலை என்னும் எங்கள் ஊர்ப்பெயரைத் தாங்கிய கம்பெனியும் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்றுள்ளது. பங்கு என்பது கடனா, சன்மானமா, உடைமையா? அதன் விலையை எங்கே பார்ப்பது? விற்கும்போது தரகருக்கு எவ்வளவு கழியும்? பங்கிலாபம் வராத ஆண்டில் யாரிடம் காரணம் கேட்பது? கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் ஆங்கிலத்தில் வந்தன. பெற்றவர்களுள் எத்தனை பேருக்கு இவ்வினாக்களைக் கேட்கவாவது வழி இருந்தது? உடைமையைக் கொடுத்து, அதை வாசிக்கும் எழுத்தைக் கொடாமல் விடுவது பாதிக் கொடையும் ஆகாது.

சேமலாப நிதிக்கு வருவோம். இங்கே நாம் சற்று நின்று கணக்குப் போட வேண்டும். கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்க. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று பேசப்பட்டது. அதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140, விலைப் பங்கு 30. நிதிக்குரிய பணம் அந்த 500க்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. 500க்கு 12 வீதம் 60 ரூபாய். முழு 730க்கும் கணக்கிட்டிருந்தால் தோட்டத்தின் பங்கு 87 ரூபாய் 60 சதம். ஆகவே ஒவ்வொரு பேருக்கும் 27 ரூபாய் 60 சதம் தொழிலாளியின் முதுமையிலிருந்து கழிந்தது. மாதம் 25 பேர் என்றால் 690 ரூபாய். சம்பளத்தை உயர்த்தாமல் உயர்த்திக் காட்டும் வித்தை, கொடுப்பனவுகளைக் கூட்டி அடிப்படையைத் தாழ்வாக வைப்பதில் இருக்கிறது. மேடைகளில் 730 என்றுதான் முழங்கினர்.

நிதியில் சேர்ந்த பணம் என்ன ஆகிறது? அதன் பெரும்பகுதியை மத்திய வங்கி அரசின் திறைசேரி முறிகளில் இடுகிறது. 2022ஆம் ஆண்டுக்கு அங்கத்தவர்களுக்கு 9 வீத வட்டி கிடைத்தது. நல்ல வட்டிதான் என்று தோன்றும். அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய டிசம்பரைவிட 57.2 வீதம் உயர்ந்திருந்தது. 100 ரூபாய் 109 ஆயிற்று. 100 ரூபாய்ப் பண்டமோ 157 ஆயிற்று. வாங்கும் சக்தியைக் கொண்டு பார்த்தால் பழைய 100 ரூபாயில் எஞ்சியது ஏறத்தாழ 69. அடுத்த ஆண்டு வட்டி 13 வீதமாக உயர்ந்து, விலை ஏற்றம் 4 வீதமாகத் தணிந்த பின்னும் அது 75ஐ ஒட்டித்தான் நின்றது. நிதி பெற்ற பயனை அளக்கும் கோல் இதுவே. கூற்றறிக்கையில் தொகை பெருகியிருப்பதைக் கண்டு மகிழ்வோர், அத்தொகை எத்தனை கிலோ அரிசி என்று கேட்கப் பழகுதல் வேண்டும்.

2023 ஜூலை முதலாம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பாராளுமன்றம் ஏற்றது. நிதியின் கையிலிருந்த பழைய முறிகள், 2025 வரை 12 வீதமும் அதன் பின்னர் 9 வீதமும் தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. மாற்ற இணங்காவிடின் 14 வீத வரி 30 வீதமாகும் என்பது நிபந்தனை. வங்கிகளின் கையிலிருந்த முறிகளுக்கு இந்தச் சுமை விழவில்லை. வங்கிகள் ஏற்கெனவே தளர்ந்துள்ளன, அவை விழுந்தால் எல்லோர் வைப்பும் விழும் என்றது அரசு. அவ்வாதத்தில் உண்மையே இல்லையென்று நாம் கூறோம். எனினும் சுமை யார் முதுகில் ஏற்றப்பட்டதோ அவர்களை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

கட்டணம் பற்றி நம் பெண்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியது குறைவு. லயத்தில் சீட்டுப் பிடிப்பவருக்கு அது தெரியும். தலைவிக்கு முதற் சீட்டு; ஏலத்தில் அவசரப்பட்டுத் தள்ளி எடுப்பவருக்கு நட்டம்; பொறுத்திருப்பவருக்கு இலாபம். இதே அறிவைக் கடிதத்தாளில் அச்சிட்ட பெரிய கம்பெனிகளிடமும் செலுத்தினால் போதும். ஒரு இலட்சம் ரூபாய் ஆண்டுக்கு 8 வீதம் வளர்கிறது என்று கொள்வோம். நடத்துபவர் ஆண்டுதோறும் அரை வீதம் எடுத்தால் முப்பது ஆண்டில் 8 இலட்சத்து 75 ஆயிரம் வரும். 2 வீதம் எடுத்தால் 5 இலட்சத்து 74 ஆயிரமே. ஒன்றரை வீதம் என்று காதில் விழுந்தது மூன்று இலட்சத்தைத் தின்றுவிடுகிறது.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் நிதியைப் பெறலாம். வாழ்நாளில் முதன்முறையாகவும் இறுதி முறையாகவும் பெருந்தொகை ஒன்று கைக்கு வரும் அந்த வாரத்தில்தான் புதிய உறவினர் தோன்றுவர்; இரட்டிப்பாக்கித் தருவோம் என்னும் முகவரும் தோன்றுவார். வருமானத்துக்கு வழி இன்னதென்று காட்டாமல் பெருவட்டி வாக்களிப்பவர் எவராயினும், அவர் எந்தக் கோயில் தர்மகர்த்தாவாயினும், அவரிடம் ஒரு சதமும் கொடுத்தலாகாது. அடகுக் கடையில் நகை இருக்குமானால் அதை மீட்பதே முதல் முதலீடு. அங்கே கட்டும் வட்டிக்கு ஈடான வருமானத்தை எந்த வங்கியும் தராது. எஞ்சியதில் ஒரு பகுதியை எளிதில் எடுக்கத்தக்க சேமிப்பிலும், ஒரு பகுதியை நிலையான வைப்பிலும் வைக்கலாம். பங்குகளில் இடுவதாயின், இழந்தாலும் அடுப்பெரிவது நில்லாத தொகையையே இட வேண்டும்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் இளம் ஆசிரியர்கள் வெளிவருகின்றனர். தனிவட்டியும் கூட்டுவட்டியும் கற்பிக்கையில் 'அ என்பவர் ஆ என்பவரிடம் கடன் பெற்றார்' என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளின் வீட்டிலுள்ள சேமலாபக் கூற்றறிக்கையைக் கொண்டுவரச் சொல்லலாம். செக்ரோலில் விழுந்த பேரும் சம்பளத் துண்டும் கூற்றறிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று அவர்களே பார்க்கட்டும். தோட்டம் பணத்தைக் கழித்துக்கொண்டு நிதிக்கு அனுப்பாமல் நிலுவை வைத்த வழக்குகள் மலையகத்துக்குப் புதியனவல்ல. அரசுத் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. நிலுவைக்கு மேற்கட்டணம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, முறைப்பாடு செய்யத் தொழில் திணைக்களம் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னே பெயரைப் பார்க்க வேண்டும். பிறப்புப் பதிவில் கறுப்பாயி, அடையாள அட்டையில் கருப்பாய், தோட்டத்து ஆங்கிலப் பதிவில் இன்னொரு எழுத்துக்கூட்டல். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை குடியுரிமையே இன்றி இருந்தவர்களின் தாள்களில் இக்குழப்பம் ஏராளம். ஓய்வு பெற்ற பின் இதைத் திருத்தப் புறப்பட்டவர்கள், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலுவலகங்களுக்கு மாதக்கணக்கில் நடப்பதைப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஆசிரியர்களாகிய நாம் கண்டு வருகிறோம். வேலையில் இருக்கும்போதே தோட்ட அலுவலகத்தில் கேட்டால் அந்த எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம்.