காகிதம் திணித்த ஸ்பீக்கர்: ப்ளூஸ் மேடையும் ஆம்ப்ளிஃபயரின் வரலாறும்



மேடையில் ப்ளூஸ் வாசிக்க நல்ல ஆம்ப் எது என்று கிடார் கலைஞர்களைக் கேட்டால், பெரும்பாலும் மூன்று நான்கு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். 1959ஆம் வருடத்து ஃபெண்டர் பாஸ்மேன், மார்ஷலின் 'ப்ளூஸ்பிரேக்கர்', ஃபெண்டர் சூப்பர் ரிவர்ப். பிறகு எத்தனை வாட்ஸ், என்ன வால்வு, ஸ்பீக்கர் பத்து அங்குலமா பன்னிரண்டு அங்குலமா என்று பேச்சு நீளும். கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டரும் லண்டனின் ஜிம் மார்ஷலும் இந்தப் பேச்சில் தவறாமல் வருவார்கள். இருவரும் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால் ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது, மார்ஷல் டிரம்ஸ்காரர். அவர்கள் செய்த பெட்டிகளிலிருந்து அந்த ஒலியை வெளியே இழுத்தவர்கள் யார், அவர்கள் பெயர்கள் ஏன் அடிக்குறிப்பில் கிடக்கின்றன என்பதைத்தான் இந்த உரையில் பேச எடுத்துக்கொண்டேன்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1873இல் ஜோதிராவ் ஃபுலே 'குலாம்கிரி' நூலை, கறுப்பின மக்களின் அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினத்தவரின் பிரச்சினையை ஐ.நா.வுக்குக் கொண்டுசெல்லும் முயற்சியைக் குறித்து டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபோய்ஸ் பதிலும் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். இந்த உறவைப் புத்தகங்கள் வழியாக நிறையப் பேசியிருக்கிறோம். காது வழியாகப் பேசியது குறைவு.

மிசிசிப்பியின் டெல்டா பகுதியில், கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோவல் என்றொரு பருத்திப் பண்ணை. அங்கே வாரத்துக்கு உழுத குடும்பத்தில் வளர்ந்தவர் மட்டி வாட்டர்ஸ். பண்ணையின் வாரக் கணக்கு நம் ஊர்க் கணக்கைப் போலத்தான்: விதை, உணவு, உடை எல்லாம் பண்ணைக் கடையில் கடன், வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பாக்கி மிஞ்சும். 1941இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆய்வாளரான ஜான் வொர்க்கும் வந்து அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். (லோமாக்ஸ் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, வொர்க் பெயர் தெரிவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) அப்போது அவர் கையில் இருந்தது மரப்பெட்டிக் கிடார். 1943இல், டிராக்டர் ஓட்டும் வேலைக்கு மணிக்கு 22½ சென்ட் கூலியை 25 ஆக்கித் தரச் சொல்லிக் கேட்டார். மேலாள் மறுத்தான். மட்டி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார்.

அவர் தனியாள் இல்லை. 1910க்கும் 1970க்கும் இடையில் தெற்கிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்குக்கும் மேற்குக்கும் பெயர்ந்தார்கள். 1944இல் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியபின் பண்ணைக்கு ஆள் தேவையும் குறையத் தொடங்கியது. சிகாகோவில் 1940இல் சுமார் 2,78,000 ஆக இருந்த கறுப்பின மக்கள்தொகை 1960இல் 8,12,000ஐத் தாண்டியது. அத்தனை பேரையும் நகரின் தெற்கிலும் மேற்கிலும் சில தெருக்களுக்குள் நெருக்கி வைத்தார்கள். வெள்ளையர் தெருவில் கறுப்பருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1948இல். இசைக்கலைஞர் சங்கத்திலும் ஊர் வேறு, சேரி வேறு. வெள்ளையருக்கு 10ஆம் எண் கிளை, கறுப்பருக்கு 208ஆம் எண் கிளை. இரண்டும் ஒன்றானது 1966இல்தான்.

இந்த நெருக்கத்தில்தான் ஆம்ப் வருகிறது. பண்ணைக் குடிசையில் கரண்ட் கிடையாது. சனிக்கிழமை இரவு, மண்ணெண்ணெய் விளக்கில், பத்துப் பேருக்குப் பாட மரக்கிடார் போதும். சிகாகோவின் மதுக்கூடத்தில் ஆலை வேலை முடித்து வந்த நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், சிரிப்பார்கள், ஆடுவார்கள். மரக்கிடாரை அங்கே யாருக்குக் கேட்கும்? 1940களின் நடுவில் மட்டி வாட்டர்ஸ் எலெக்ட்ரிக் கிடாருக்கு மாறினார். ஞாயிற்றுக்கிழமை மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கோ கடைக்காரருக்கோ கொஞ்சம் காசு கொடுத்து, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து கரண்ட் வாங்கினார்கள். லிட்டில் வால்ட்டர் மலிவான மைக்கை மௌத் ஆர்கனோடு சேர்த்து உள்ளங்கையில் பொத்திப் பிடித்து ஆம்பில் ஊதினார். 1952இல் வந்த அவருடைய 'ஜூக்' இசைத்தட்டைக் கேளுங்கள். அந்தச் சின்னக் கருவி சாக்ஸஃபோன் அளவுக்குப் பருத்து ஒலிக்கும்.

இவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் சிறிய, விலை குறைந்த ஆம்புகள். அந்த இரைச்சலில் கேட்க வேண்டுமானால் வால்யூமைக் கடைசி வரை திருகியாக வேண்டும். திருகினால் ஒலி கரகரத்தது. ஆம்ப் செய்தவர்கள் அதைக் குறை என்றார்கள். சிக்னலைச் சிதைக்காமல் பெரிதாக்கித் தருவதுதான் அவர்களுடைய லட்சியம். வாசித்தவர்களோ அந்தக் கரகரப்பில் தங்கள் குரலைக் கேட்டார்கள்.

என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வால்வு தன் கொள்ளளவுக்கு மேல் சிக்னல் வந்தால் ஒலியலையின் உச்சியை மழுக்கிவிடும். மழுக்கப்பட்ட அலையில், வாசித்த சுரத்தோடு அதன் மேல்சுரங்களும் சேர்ந்து பிறக்கும். காதுக்கு அது கனமாக, தொண்டை கட்டிய பாட்டுக்காரர் குரல் போல இருக்கும். டிரான்சிஸ்டர் அந்த எல்லையில் அலையைச் சட்டென்று வெட்டும். வால்வு மெல்ல வளைக்கும். அதனால் வால்வு ஆம்பை அந்த விளிம்பில் நிறுத்தினால், மெதுவாக மீட்டும்போது தெளிவாகப் பேசும், அழுத்தி மீட்டும்போது உறுமும். பாட்டும் கிடாரும் மாறி மாறிக் கேள்வி பதில் சொல்லிக்கொள்ளும் ப்ளூஸுக்கு இதுதான் வேண்டியிருந்தது. இன்னொன்று, வால்வு சூடேறினால்தான் பேசும். பறையை நெருப்பில் காய்ச்சி எடுப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1951இல் ஐக் டர்னரின் குழு மிசிசிப்பியிலிருந்து மெம்ஃபிஸுக்குக் காரில் போனது. வழியில் கிடார்க்காரர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் பழுதாகிவிட்டது. கார்மேலிருந்து விழுந்தது என்பார்கள், மழையில் நனைந்தது என்பார்கள். ஸ்பீக்கரின் கூம்பு கெட்டுப்போயிருந்தது. சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவில், உள்ளே காகிதத்தைத் திணித்து அப்படியே வாசித்தார்கள். அதுதான் 'ராக்கெட் 88'. முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு என்று பலர் சொல்லும் பாட்டு. அந்தக் கரகர கிடாரின் சொந்தக்காரர் கிசார்ட்டின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாஸ்மேனின் கதையும் இப்படித்தான். பெயரே சொல்கிறது, அது பாஸ் கிடாருக்காகச் செய்யப்பட்டது. 1952இல் வந்து, 1959 அளவில் நான்கு பத்தங்குல ஸ்பீக்கர்கள், சுமார் 40 வாட்ஸ் என்ற வடிவத்தை எட்டியது. அதில் சாதாரண கிடாரைச் செருகி முறுக்கினால் வரும் ஒலி எப்படிப்பட்டது என்று காட்டியவர்களில் ஒருவர் பட்டி கை. லூசியானாவில் பருத்தி பறித்து வளர்ந்து, 1957இல் சிகாகோ வந்தவர். மிக நீண்ட ஒயரை மாட்டிக்கொண்டு வாசித்தபடியே மதுக்கூடத்தைவிட்டுத் தெருவுக்கு நடந்து போவார். ஆனால் செஸ் நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்குப் போனபோது அந்தச் சத்தத்துக்கு அனுமதி இல்லை. மேடையில் கூட்டம் சேர்த்த ஒலி, தட்டில் ஏறவில்லை.

1958இல் மட்டி வாட்டர்ஸ் இங்கிலாந்துக்குப் போனார். எலெக்ட்ரிக் கிடார் அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் எதிர்பார்த்தது சோகமான, அடக்கமான பண்ணையாள் பாட்டு. அதை நினைவில் வைத்துக்கொண்டு 1963இல் மரக்கிடாரோடு போனார். அதற்குள் அவர்களுக்கு எலெக்ட்ரிக் வேண்டியிருந்தது! ஒடுக்கப்பட்டவர் எந்தச் சத்தத்தில் பேச வேண்டும் என்பதையும் கேட்கிறவரே தீர்மானிக்கிற இந்த வழக்கத்தை நம் இலக்கியக் கூட்டங்களிலும் பார்த்திருக்கிறோம்.

இடைப்பட்ட 1962இல், ஜிம் மார்ஷலின் லண்டன் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் பாஸ்மேனின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஜே.டி.எம். 45 என்ற ஆம்பைச் செய்தார்கள். அந்த வழியில் வந்த மார்ஷல் பெட்டி ஒன்றை முழுச் சத்தத்தில் வைத்து, 1966இல் ஜான் மேயாலின் 'ப்ளூஸ்பிரேக்கர்ஸ்' குழுவோடு எரிக் கிளாப்டன் பதிவு செய்தார். அந்தத் தட்டில் ஓட்டிஸ் ரஷ், ஃபிரெடி கிங், ராபர்ட் ஜான்சன் ஆகியோரின் பாட்டுகள் உண்டு. ஆம்புக்கு நிலைத்த பெயர் மேயால் குழுவின் பெயர். அதே கிளாப்டன் 1976இல் பர்மிங்காம் மேடையில் கறுப்பரும் குடியேறியவரும் இங்கிலாந்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று பேசினார். அதற்கு எதிர்வினையாகத்தான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்' இயக்கம் பிறந்தது. பிற்காலத்தில் அந்தப் பேச்சுக்காக வெட்கப்படுவதாக அவர் சொன்னதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லெட் செப்பலின் குழுமீது தன் பாட்டுக்காக வில்லி டிக்சன் வழக்குப் போட்டது 1985இல். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி உரிமை கிடைத்தது 1987இல். பாட்டுக்காவது வழக்குப் போட முடிந்தது. ஒலிக்குக் காப்புரிமை ஏது?

இங்கே கிடார் வாசிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கடைக்குப் போகும்போது உதவுகிற மாதிரியும் சிலது சொல்கிறேன். பெரிய வாட்ஸுக்கு ஆசைப்படாதீர்கள். காதுக்கு இரு மடங்காகக் கேட்க, சக்தி சுமார் பத்து மடங்காக வேண்டும். 100 வாட்ஸ் ஆம்ப், 10 வாட்ஸ் ஆம்பைவிட ஏறத்தாழ இரு மடங்குதான் உரக்கக் கேட்கும். சிறிய மண்டபத்தில் 100 வாட்ஸை வைத்தால் வால்யூமை இரண்டுக்கு மேல் திருக முடியாது; வால்வு அந்த விளிம்புக்கு வராமலே கச்சேரி முடிந்துவிடும். 15, 20 வாட்ஸ் வால்வு ஆம்ப் ஒன்றை விளிம்புவரை முறுக்கி, அதன் முன் மைக்கை வைத்து மைக் செட்டில் கொடுத்துவிடுங்கள், மைதானத்துக்கும் போதும். வால்வு ஆம்ப் வாங்கக் காசில்லை என்றால் குறைந்துபோனதாக நினைக்க வேண்டாம். பருத்திக் காட்டிலிருந்து வந்த பி.பி. கிங் பல ஆண்டுகள் மேடையில் வைத்திருந்தது லேப் சீரிஸ் எல்5 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப். அவருக்கு வேண்டியது கரகரப்பைவிட, நீண்டு அதிரும் ஒற்றைச் சுரம். அதற்கு அது பொருந்தியது. கடைக்குப் போகும்போது உங்கள் குழுவில் பாடுகிறவரையும் அழைத்துப் போங்கள். அவரைப் பாடச் சொல்லி, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நீங்கள் கிடாரில் பதில் சொல்லிப் பாருங்கள்.