மூலம், உரை, ஒரு தாவல்

கணினித் தமிழில் ‘மூலநிரல்’ என்கிற சொல் எப்படியோ சரியாக அமைந்துவிட்டது. நிரலாளர் கைப்பட எழுதுகிற பிரதி அது; மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கிறது. ஆனால் அதற்கு எழுதப்படும் விளக்கத்துக்கு ‘ஆவணம்’ என்று பேர் வைத்தோம். ஆவணம் என்றால் நமக்குச் சார்பதிவாளர் அலுவலகம்தான் ஞாபகம் வரும்: கிரயம், முத்திரை, கைநாட்டு, மறுபேச்சு கிடையாது. இதைவிட வேடிக்கை ‘டெக்ஸ்ட்’டுக்கு ‘உரை’ என்று வைத்தது. மூலத்தை எழுதும் கருவிக்குப் பேர் உரைதிருத்தி. உரைக்குப் பேர் ஆவணம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? கலைச்சொல் சண்டை போடுவது என் நோக்கமில்லை. மூலத்திலிருந்து உரைக்கும், உரையிலிருந்து மூலத்துக்கும் போய்வரும் வழி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித் தருகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வளவனூரிலும் நிரல் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவன் ‘விம்’ என்கிற உரைதிருத்தியில் ஒரு சி நிரலைத் திறந்து, ஒரு சொல்லின் மேல் போய் நின்று, பெரிய எழுத்துக் ‘கே’யைத் தட்டினான். அந்தச் சொல்லுக்கான கையேட்டுப் பக்கம் வந்தது. ‘கியூ’ தட்டினால் மறுபடி நிரல். “அவ்வளவுதாண்ணே” என்றான். அந்த அவ்வளவுக்குப் பின்னால் ஐம்பதாண்டு வரலாறு இருக்கிறது.

யூனிக்ஸ் கையேடு 1971 இல் வந்தது. அது தனியாக உட்கார்ந்து எழுதிய உரை. மூலம் மாறினால் அது தானாக மாறாது. எழுபதுகளின் பிற்பகுதியில் பெர்க்லியில் பில் ஜாய் ‘விஐ’ எழுதியபோது, அந்த வட்டாரத்திலேயே ‘சிடேக்ஸ்’ என்றொரு சிறு கருவியும் உருவானது. எந்தப் பெயர் எந்தக் கோப்பில் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று மூலநிரல்களைப் படித்து அது ஒரு அட்டவணை போட்டுவிடும். பெயரின் மேல் நின்று ஒரு கட்டளை கொடுத்தால் வரையறைக்குத் தாவலாம். மூலத்திலிருந்து மூலத்துக்கு ஒரு தாவல். உரைக்கு வழி வேறு.

இரண்டையும் ஒரே ஏட்டில் வைத்தவர் டொனால்ட் நூத். ‘தி கம்ப்யூட்டர் ஜர்னல்’ இதழில் 1984 இல் வந்த அவர் கட்டுரை, நிரல் என்பது முதலில் மனிதர் வாசிப்பதற்கானது என்று வாதிட்டது. அவருடைய ‘வெப்’ முறையில் மூலமும் உரையும் ஒன்றாகவே எழுதப்படும். ‘டேங்கிள்’ என்ற கருவி அதிலிருந்து எந்திரத்துக்கான நிரலைப் பிரித்தெடுக்கும். ‘வீவ்’ என்ற கருவி அச்சிடத்தக்க உரையை நெய்து, பொருளடைவும் சேர்த்துத் தரும்.

இதைப் படித்தபோது எனக்கு உ.வே.சாமிநாதையர்தான் நினைவுக்கு வந்தார். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க அவருக்குக் கிடைத்த ஏடுகளில் மூலம் தனியாக இல்லை. நச்சினார்க்கினியர் உரைக்கு நடுவே கலந்து கிடந்தது. எது பாட்டு, எது உரை என்று பிரித்துத்தான் 1889 இல் அச்சேற்றினார். நூத்தின் கருவி நொடியில் செய்கிற வேலையை ஒரு மனிதர் கண்ணெரிய உட்கார்ந்து செய்திருக்கிறார். ஒரு வித்தியாசம் உண்டு. நூத்தின் ஏட்டில் எது எங்கே முடிகிறது என்று எழுதியவரே குறி வைத்திருப்பார். பனையோலையில் குறி ஏது?

நூத்தின் முறை பரவவில்லை. பரவியது அதன் மலிவுப் பதிப்பு என்பேன். ஜாவா மொழியோடு 1996 இல் ‘ஜாவாடாக்’ வந்தது. 1997 இல் டிமிட்ரி வான் ஹேஷ் ‘டாக்சிஜன்’ வெளியிட்டார். நிரலுக்கு மேலே ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரமும் போட்டுக் குறிப்பு எழுதினால், கருவி அதை உருவி எடுத்துப் பக்கம் பக்கமாக அடுக்கித் தந்துவிடும். குறிப்பே எழுதாவிட்டால்? ஜாவாடாக் அப்போதும் பக்கம் தரும். பெயர்கள், வகைகள், இணைப்புகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏன், எதற்கு என்று ஒரு வரி இருக்காது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நம் சிற்றிதழ்களில் நிறைய எழுதியாச்சு. இங்கே உரையாசிரியனே பிறக்காமல் உரை பிறந்துவிடுகிறது.

திரும்பும் வழியைப் பாருங்கள். ஜாவாடாக் பக்கத்திலிருந்து மூலத்துக்குப் போக ‘லிங்க்சோர்ஸ்’ என்ற விருப்பம் 2002 இல் 1.4 பதிப்போடு வந்தது. அதுவும் தயாரிப்பவர் கேட்டால்தான். டாக்சிஜனிலும் மூலத்தைக் காட்டும் வசதி ‘வேண்டாம்’ என்ற நிலையில்தான் தொடங்குகிறது. தொழில்நுட்பத் தடை ஒன்றும் இல்லை, மூலத்தைக் காட்டாமல் உரையை மட்டும் கொடுப்பது பல நிறுவனங்களுக்கு வசதி. ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஈமேக்ஸில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு நிரல்பாகமும் தன் உரையைத் தனக்குள்ளேயே சுமக்கிறது. விளக்கம் கேட்டால் அதோடு மூலக்கோப்பின் பெயரும் வரும், அதைத் தட்டினால் மூலத்துக்கே போகலாம். போய், பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம்.

மாற்றலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் ‘மாட்டு’ என்று சொல்லி, எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருள் சொல்வார். அதுவும் ஒரு தாவல்தான். மறைமலையடிகள் 1903 இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது அதை ஏற்காமல், பாட்டு கிடக்கும் வரிசையிலேயே பொருள் கண்டார். மூலம் கையில் இருந்ததால் உரையோடு மல்லுக்கட்ட முடிந்தது. பள்ளிக்கூடத்தில் நமக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். கோனார் உரையை மனப்பாடம் செய்து, மூலத்தைத் திரும்பிப் பார்க்காமலே பரீட்சை எழுதினோம். கோனாரைக் குறை சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் முதல் தலைமுறையில் பாதிப்பேர் தேறியிருக்க மாட்டோம். ஆனால் உரையோடு நின்றுவிட்டவனுக்கு உரைகாரர் சொன்னதே மூலம்.

நிரல் படிக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு இதன் மேல் இன்னொரு சுமை. உரையும் ஆங்கிலம். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் ‘பதிப்பி’, ‘நிரல்பாகம்’, ‘பின்கொடு’ என்று மூலத்தையே தமிழில் எழுதலாம். மூலம் தமிழாக வழியிருக்கிறபோது, தானாக நெய்யப்படும் உரையின் நிலை என்ன? டாக்சிஜனின் 1.9 வரிசைப் பதிப்புகளில் தலைப்புகளும் இணைப்பு வாசகங்களும் வரக்கூடிய மொழிகளின் பட்டியல் நாற்பதைத் தொடும். எஸ்பெராண்டோ இருக்கிறது, லாத்வியன் இருக்கிறது, இந்தி சேர்ந்திருக்கிறது. தமிழ் இல்லை. நிரலுக்கு மேலே நீங்கள் தமிழில் குறிப்பெழுதினால் அது அப்படியே வந்துவிடும். சுற்றிலும் உள்ள சட்டகம் மட்டும் ஆங்கிலம் பேசும்.

அந்தக் கருவியின் மூலம் பூட்டிவைக்கப்படவில்லை. மொழிக்கு ஒரு கோப்பு, அதில் சில நூறு வாசகங்கள். அதில் ஒன்று, இன்ன கோப்பில் இன்ன வரியில் வரையறை உள்ளது என்று உரையிலிருந்து மூலத்துக்கு வழிகாட்டும் வாசகம். ஆங்கிலத்தில் வரி எண் முதலிலும் கோப்பின் பெயர் பின்னாலும் வரும். தமிழில் கோப்பு முந்தும். இரண்டு இடங்களுக்கும் பூச்சியம், ஒன்று என எண் கொடுத்து வைத்திருப்பதால் முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் கருவி ஏற்றுக்கொள்ளும்.