பி.டி. ரோட்டில் ஒரு டைனோசர்

கொல்கத்தா என்றால் நம்மவர்களுக்கு லேக் மார்க்கெட் தெரியும். வாழை இலையும் முருங்கைக்காயும் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான் என்று பல பேர் அதைத் தாண்டிப் போவதே இல்லை. நகரத்தின் வடகோடியில் பாராநகர் பக்கம் போக நமக்கு என்ன வேலை? எனக்கு வங்கி வேலையாக அந்தப் பக்கம் அடிக்கடி போக வேண்டியிருந்தது. டன்லப் சந்திப்பில் லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது கண்ணில் படுவது பி.டி. ரோடு 203-ஆம் எண் வளாகம். இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக ஐ.எஸ்.ஐ.

பி.காம். படித்தவனுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றால் சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம். ஒரு பேப்பர், முப்பத்தைந்து மார்க் வாங்கினால் பாஸ். அதற்காக ஒரு பெரிய வளாகம், அதில் ஒரு முழு டைனோசர் எலும்புக்கூடு, கூடவே மொழியியல் பிரிவு, கம்ப்யூட்டர் பிரிவு, உயிரியல் பிரிவு. இதெல்லாம் ஒரே கூரையின் கீழ் எப்படி வந்தது என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1893-ல் பிறந்தவர், படித்தது கேம்பிரிட்ஜில், பௌதிகம். 1915-ல் ஊருக்குத் திரும்பும் சமயத்தில் 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழ் கையில் கிடைத்தது. தொகுதி தொகுதியாக வாங்கி, கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். உயிர்களை அளந்து, அந்த அளவுகளைக் கணக்குப் போட்டு, விஷயம் கண்டுபிடிக்க முடியும் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்துகொண்டே, பக்கத்தில் ஓர் அறையில் புள்ளியியல் கூடம் நடத்தினார். 1931 டிசம்பரில் அது கழகமானது. முதல் வருடச் செலவு 250 ரூபாய்கூட இல்லை. இன்றைக்கு எங்கள் கிளையில் ஒரு வாரத்து டீ செலவு அதைவிட அதிகம்.

அவரிடம் வந்த வேலைகளைப் பாருங்கள். கொல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா என்று விலங்கியல் துறையிலிருந்து கேட்டார்கள். 1926-ல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெரிய வெள்ளம். ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். இவர் சுமார் அறுபது வருட மழை, வெள்ளக் கணக்கை எடுத்து உட்கார்ந்தார். படுகை உயரவே இல்லை, கரையை உயர்த்திப் பிரயோஜனம் இல்லை, மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்குங்கள் என்றார். 1937 முதல் வங்காளத்தில் சணல் சர்வே. ஒவ்வொரு வயலாகப் போய் எண்ணாமல், சில வயல்களை மட்டும் முறைப்படி தேர்ந்தெடுத்து மொத்த விளைச்சலைச் சொல்வது. வங்கிக்காரர்களுக்கு இது புரியும். ஆடிட்டர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை, ஆனால் எதைப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். இந்த வழியில் வளர்ந்துதான் 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வந்தது.

அந்த ஆங்கிலோ-இந்தியர் அளவு வேலையிலிருந்து 1936-ல் முழு வடிவம் பெற்றதுதான் 'மகலனோபிஸ் தூரம்'. இரண்டு கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு. உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, எடையை மட்டும் பார்த்தாலும் போதாது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும் அல்லவா, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உயரத்துக்கும் எடைக்கும் பதிலாக எதை வேண்டுமானாலும் போடலாம் என்பதுதான் இதன் அழகு. இங்கேயிருந்து கேம்பிரிட்ஜ் போன சி.ஆர். ராவ், சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் தோண்டி எடுத்த மனித எலும்புகளுக்கு இதைப் பயன்படுத்தினார். (அவர் 2023-ல் 102 வயதில் காலமானார்.) இன்றைக்கு வழக்கத்துக்கு மாறான பணப் பரிவர்த்தனையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களிலும் இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். மண்டையோட்டிலிருந்து கிரெடிட் கார்டு வரை!

இப்படிப் பழகிய மனிதருக்கு, இது புள்ளியியல், அது புள்ளியியல் இல்லை என்று கோடு போடத் தோன்றாதது ஆச்சரியமில்லை. 1957-ல் பிரிட்டனின் பெரிய மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன், சூயஸ் படையெடுப்பைக் கண்டித்து நாட்டை விட்டு வந்தபோது சேர்ந்தது இங்கேதான். அவர் ஆட்களுக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. எஸ்.கே. ராய் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். ஜெயகர் குளவிகள் கூடு கட்டுவதைப் பார்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது டி.ஏ. டேவிஸ் செய்த தென்னை ஆராய்ச்சி. தென்னையில் ஓலைகள் தண்டைச் சுற்றி ஏறுவதில் ஒரு வரிசை இருக்கிறது. சில மரங்களில் இடம்புரி, சில மரங்களில் வலம்புரி. சங்கில் வலம்புரி தேடும் நாம் வீட்டுத் தென்னையில் அதைப் பார்த்ததுண்டா? டேவிஸ் ஆயிரக்கணக்கான மரங்களைப் பார்த்தார். இடம்புரி மரங்கள் சராசரியாக அதிகம் காய்க்கின்றன என்று கண்டார். சரி, இடம்புரி மரத்துக் காயையே நட்டால்? அங்கேதான் வேடிக்கை. பெற்ற மரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி இப்படி, பாதி அப்படி. மரபு வழி வருவதில்லை. பூமியின் வடபாதியில் இடம்புரி சற்று அதிகம், தென்பாதியில் வலம்புரி சற்று அதிகம் என்றும் பிறகு எழுதினார். பின்னாளில் நாகர்கோவிலில் ஹால்டேன் பெயரிலேயே ஓர் ஆய்வு மையம் வைத்திருந்தார். இதற்குக் கடன் கேட்டு யாராவது என் மேஜைக்கு வந்திருந்தால் 'திருப்பிச் செலுத்தும் திறன்' பத்தியில் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

டைனோசருக்கு வருவோம். லண்டனிலிருந்து பமீலா ராபின்சன் என்ற தொல்லுயிர் அறிஞர் வந்து 1957-ல் இங்கே நிலவியல் பிரிவு தொடங்கக் காரணமானார். தெலங்கானா, மகாராஷ்டிரா எல்லையில், பிராணஹிதா கோதாவரியில் கலக்கும் பகுதியில் எலும்புகள் தட்டுப்பட்டன. 1960, 61-ல் தோண்டினார்கள். சுமார் 300 எலும்புகள், பல விலங்குகளுடையவை. தொடை எலும்பு மட்டும் 1.7 மீட்டர். என் உயரத்தைவிட அதிகம். தாகூரின் நூற்றாண்டு வருடத்தில் கிடைத்ததால், 'பெரிய கால்' என்ற பொருளில் பாராபாசாரஸ் தாகோரை என்று 1975-ல் பெயர் வைத்தார்கள். எலும்புக்கூட்டைக் கோத்து நிறுத்தியது 1977-ல். தலை மட்டும் கிடைக்கவே இல்லை.

கம்ப்யூட்டர் கதை நிறைய பேருக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1955 கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஹெக்-2எம் என்ற இயந்திரம் வந்தது, இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர். பிறகு ரஷ்யாவின் யூரல். 1966-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சொந்தமாகவே ஒன்றைக் கட்டினார்கள்.

மொழி எங்கே வந்தது? யுகோஸ்லாவியாவின் மொழியியலாளர் ஜோர்ஜே கோஸ்டிச் இங்கே வந்து வங்காள ஒலிகளை ஆராய்ந்தார். 1977-ல் தத்த மஜும்தாரும் சங்கர் பாலும் தெலுங்கு உயிர் ஒலிகளைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணுமா என்று பார்த்தார்கள். கொல்கத்தாவில் தெலுங்கு! மொத்தம் 871 பதிவுகள். இன்றும் உலகம் முழுக்க மாணவர்கள் தங்கள் புரோகிராமைச் சோதிக்க அந்த 871-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். அச்சடித்த வங்காளப் பக்கத்தைப் படிக்கும் மென்பொருளை பி.பி. சௌதுரியும் உமாபத பாலும் 1998-ல் வெளியிட்டார்கள். மொழிக்காரரும் பொறியியல்காரரும் ஒரே கேண்டீனில் டீ குடித்தால் இப்படி நடக்கும் போலிருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் இல்லாமலா? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னையில் கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகங்களுக்கு கோலன் வகைப்பாடு தந்தவர். அவருக்காக 1962-ல் பெங்களூரில் ஆவண ஆய்வு மையம் திறந்தார்கள், ஐ.எஸ்.ஐ.யின் கிளையாக. சென்னையிலிருந்து 1959-ல் வந்த ஸ்ரீநிவாச வரதன், தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு படிக்கத்தான் நினைத்திருந்தார். கூட இருந்த பார்த்தசாரதி, வரதராஜன், ரங்கா ராவ் சகவாசத்தில் கணிதத்துக்குள் இழுக்கப்பட்டார். 2007-ல் ஏபெல் பரிசு வாங்கினார். அவர் நினைத்தபடியே நடந்திருந்தால் ஏதோ ஒரு மில்லில் நல்ல தரமான நூல் வந்திருக்கும், அவ்வளவுதான்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நினைக்க வேண்டாம். ஹால்டேனுக்கும் மகலனோபிஸுக்கும் ஒத்துப்போகவில்லை. 1961-ல் ஹால்டேன் விலகி, பிறகு புவனேஸ்வர் போய்விட்டார். ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டிய நிறுவனத்தில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. 1959-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டுப் பட்டம் தரும் உரிமை கொடுத்தது. ஆனால் 1970-ல் மாதிரிக் கணக்கெடுப்பை அரசே எடுத்துக்கொண்டது. 1972-ல் மகலனோபிஸ் போனார். அதே வருடம் ரங்கநாதனும்.

2025-ல் அந்த 1959 சட்டத்தை மாற்ற ஒரு வரைவு மசோதா வெளியானது. கட்டணம், கன்சல்டன்சி மூலம் வருமானம் ஈட்டுவது பற்றியும் அதில் இருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். நான் வரவு செலவு பார்த்தே சம்பளம் வாங்குபவன், கணக்கு கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். தென்னை ஓலை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எண்ணியதை எந்தக் கம்பெனிக்குக் கன்சல்டன்சியாக விற்பது? தெலுங்கு உயிரெழுத்துக்கு 1977-ல் யார் கட்டணம் கட்டியிருப்பார்கள்? பலன் வந்ததெல்லாம் இருபது, முப்பது வருடம் கழித்து, வேறு யாரோ ஒருவருக்கு. எங்கள் பாலன்ஸ் ஷீட்டில் அதற்குக் காலம் கிடையாது.

மகலனோபிஸ் வாழ்ந்த வீடு 'ஆம்ரபாலி' அந்த வளாகத்துக்குள்ளேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. டைனோசர் இருப்பது நிலவியல் காட்சியகத்தில். இரண்டும் நேராகப் போய் டிக்கெட் வாங்கும் இடங்கள் அல்ல, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் தொடை எலும்புக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கச் சொல்லுங்கள்.