கழுத்து வலிக்கு குற்றால அருவி மருந்தா? யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

"கழுத்து வலியா? அருவியில கழுத்தைக் காட்டு, சரியாகிடும்." தென்காசி பக்கம் சீசன் நேரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எங்கும் கூட்டம்தான். கூடவே எண்ணெய் மசாஜும் உண்டு. சாதாரண தசைப்பிடிப்புக்கு இது இதமாக இருக்கலாம். ஆனால், கழுத்து எலும்புகளின் பிடிமானம் தளர்ந்தவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

பிடிமானம் ஏன் தளர்கிறது?

கழுத்தில் உள்ள 7 எலும்புகளைத் தசைநார்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அவை பலவீனமானால் எலும்பு விலகி, உள்ளே இருக்கும் தண்டுவடத்தை அழுத்தும். விபத்து, வழுக்கி விழுதல், நாள்பட்ட முடக்குவாதம், முதுகெலும்பு காசநோய், பிறவிக் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

அறிகுறிகள் என்ன?

* பின்மண்டைக்குக் கீழே தொடர் வலி
* குனிந்தால் முதுகில் ஷாக் அடித்த மாதிரி உணர்வு
* கை மரத்துப்போதல், சட்டை பட்டன் போடத் தடுமாறுதல்
* நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை

இவை இருந்தால் மசாஜ், 'நெட்டி முறிப்பது', அருவிக்கு நேர் கீழே நிற்பது எதுவும் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவர் மேற்பார்வையில் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு முறிவை சி.டி. ஸ்கேனும், தண்டுவட அழுத்தத்தை எம்.ஆர்.ஐ.யும் காட்டும்.

சிகிச்சை என்ன?

பாதிப்பு லேசாக இருந்தால் கழுத்துப் பட்டை, பிசியோதெரபி, தொடர் கண்காணிப்பு போதுமானதாக இருக்கலாம். முடக்குவாதம், காசநோய்க்கு அதற்கான மருந்துகளும் அவசியம். தண்டுவடம் அழுத்தப்பட்டால் திருகாணி பொருத்தி எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். முதல் இரண்டு கழுத்து எலும்புகளைத் தகடும் திருகாணியும் கொண்டு இணைக்கும் முறையை 1994-ல் வெளியிட்டவர்களில் ஒருவர் மும்பை மருத்துவர் அதுல் கோயல். இந்த இணைப்புக்குப் பிறகு தலையைத் திருப்பும் அளவு கணிசமாகக் குறையும்.

அருவியில் விழுந்துவிட்டால்?

பாறையில் வழுக்கி தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரை உட்கார வைக்காதீர்கள். கை, காலைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம். தண்ணீர் அடித்துச் செல்லும் ஆபத்து இருந்தால் மட்டும், தலை, கழுத்து, உடல் நேர்க்கோட்டில் இருக்கும்படி பலர் சேர்ந்து நகர்த்தலாம். மற்றபடி தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அவசரத்தில் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவது, நடக்கக்கூடியவரையும் நிரந்தரமாக முடக்கிவிடலாம்.